கிரீஸ் துணிக்கு எதற்கு நீலம்?

அத்தியாயம் 7

ஷமீம் பானுவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் திட்டுவது சுலபம். அன்று பகல் ஒரு மணிக்குத் தென்காசிக் காவல் நிலையத்தை விட்டு அவள் வெளியே வந்தபோது கண்ணாடி கையில் இருந்தது.

இருபது வருஷம் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரிந்த வண்டியைப் பார்த்து எரித்தவனைச் சொல்லும் அளவுக்குக் கண் பழகிப்போனதால், இரண்டு வருஷமாகத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்தாயிற்று. ஆனால் தன்னைக் காப்பாற்ற வந்தவளைப் பார்த்து, "என் கைதான் தப்பு, விட்டுருங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும் ஆளை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

அந்த ஆள் மெக்கானிக் ஏசுதாசன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் தரிசு நிலத்தில் நடந்த கார்ப் பந்தயத்தில், அவர் தயார் செய்த கார் நாலாவது சுற்றில் என்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. ஓட்டியவன் பென்னி, இருபத்து மூன்று வயது. இரண்டு கையும் வெந்துபோய்த் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். ஏசுதாசனின் அக்கா மகன் அவன். அக்கா செத்த பிறகு ஆறு வயதிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். காரின் சொந்தக்காரர் பாண்டியராஜ், ஐந்தருவி ரோட்டில் ரிசார்ட் நடத்துகிறவர். மெக்கானிக் கார்புரேட்டரைத் தப்பாக வைத்ததால்தான் வெடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் கெட்டவர் இல்லை. குற்றத்தைத் தானே ஒத்துக்கொள்கிற ஆளை நான் எப்படியம்மா வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சாயந்தரம் ஐந்து மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து, அப்புறம் கோர்ட், அப்புறம் ஜெயில். அதற்குள் வேறு ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் செல்லச்சாமி வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தான். மினி பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளை நக்கலடித்தே வேலையை இழந்தவன். இப்போது பானுவிடம் உதவியாளன்.

"கண்ணாடி கையில இருக்கு. அப்ப நான் பேசல" என்றான்.

"பேசாம வண்டில ஏறு."

மேலகரம் போகிற வழியில்தான் ஏசுதாசனின் பட்டறை. சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பட்டறையைத் திறந்துவிட்ட அவர் மனைவி எப்சிபாவின் முகம் பன்னிரண்டு நாளில் பாதியாகிவிட்டிருந்தது. பானுவை அமர்த்தியது அவள்தான். அவளுக்கும் புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்தான், ஆனாலும் இந்த ஊமைத்தனம் புதுசு என்று அழுதாள். அடுத்த வாரம் குழந்தையைப் போல் சாப்பாடு ஊட்ட வேண்டிய ஒரு பையன் வீட்டுக்கு வரப் போகிறான், அந்த நேரம் இவர் ஜெயிலில் இருந்தால் நான் யாரைப் பார்ப்பேன் என்றாள். அதைக் கேட்டுப் பானுவுக்குக் கோபம்தான் வந்தது.

பட்டறையில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. கார் கரிக்கட்டையாகப் போலீஸ் வசம் இருந்தது. பந்தயப் பெட்ரோல் வந்த பீப்பாயை மறுநாளே பாண்டியராஜின் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்களாம். மிச்சம் இருந்தவை பின்பக்கம் கூரைக்கு அடியில் கொடியில் தொங்கிய நாலு துணிகள் மட்டும்தான்.

அவை என்ன என்று பானு கேட்டாள். எப்சிபா சொன்னாள். சாரல் காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிடும் என்று ஏசுதாசனுக்கு ஒரு பயம். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துப் புனலில் வைத்து வடிகட்டாமல் எந்தக் காருக்கும் ஊற்ற மாட்டார். ஒரு பந்தயத்துக்கு ஒரு துணி. வடிகட்டி முடித்ததும் அலசிக் கொடியில் போட்டுவிடுவார். மற்ற பட்டறைக்காரர்கள், ஏசுதாசன் பெட்ரோலை ரசம் மாதிரி வடிகட்டுகிறார் என்று கேலி பண்ணுவார்களாம்.

மூன்று துணிகளில் பழுப்புக் கறையும் கிரீஸ் கைத்தடமும். நாலாவது துணி நடுவில் வட்டமாக நீலம் பாய்ந்திருந்தது.

செல்லச்சாமி அதைத் தூக்கிப் பிடித்தான். "எப்சிபாக்கா சொட்டு நீலத்தக் கவுத்திட்டாவ போல. எங்க வீட்லயும் இதே கூத்துதான். என் கல்யாண வேட்டி இப்ப மயில் கழுத்து கலர்ல இருக்கு."

போலீஸ்காரர்களும் அதைத்தான் நினைத்துத் தொடாமல் விட்டுப் போயிருந்தார்கள். எப்சிபாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வெள்ளைத் துணியில் நீலத்தைப் பார்த்தால் நம் ஊரில் எவனுக்கும் வேறு நினைப்பு வராது. இங்கே வேட்டி கட்டுகிற வீடு எதிலும் அந்தச் சின்ன பாட்டில் இல்லாமல் இருக்காது.

பானு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"செல்லச்சாமி, கிரீஸ் துணிக்கு எவனாவது நீலம் போடுவானா?"

எப்சிபா இல்லை என்று தலையாட்டினாள். அவள் அந்தத் துணிகளைத் தொடுவதே இல்லை. ஏசுதாசனுக்கோ நீல பாட்டில் வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

பானு ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். துணியின் ஒரு மூலையை முக்கிக் கசக்கினாள். சொட்டு நீலம் என்றால் தண்ணீர் நீலமாக வேண்டும். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. பிறகு ஸ்கூட்டரிலிருந்து ஒரு மூடி பெட்ரோலை உறிஞ்சி எடுக்கச் சொல்லி, அதில் துணியின் இன்னொரு ஓரத்தை முக்கினாள். மூடிக்குள் நீலம் நூலாக இறங்கியது.

"தண்ணிக்கு வராத சாயம் பெட்ரோலுக்கு வருது. அப்ப இது பெட்ரோலோட வந்த சாயம்" என்றாள்.

அவள் கொழுந்தன் நாசர் வளைகுடாவில் ஒரு சின்ன விமானத் தளத்தில் எரிபொருள் நிரப்புகிற வேலையில் இருந்தான். வீடியோ காலில் துணியைக் காட்டியதும் சிரித்துவிட்டான். அவன் சட்டைக் கைகளில் எல்லாம் அதே நீலமாம். சின்ன விமானங்களுக்குப் போடுகிற பெட்ரோல் அது. அடையாளத்துக்காக நீலச் சாயம் கலந்து வரும்.

"அத எவன் மதினி காருக்கு ஊத்தினான்?" என்றான் நாசர். "விமானத்துக்குப் போடுததுன்னா ஒசத்தின்னு நெனச்சிட்டானா? எங்க விமான என்ஜின் நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு தடவை சுத்தும். பந்தயக் காரு எட்டாயிரம் தடவை சுத்துது. ரெண்டும் ஒண்ணா?"

மிச்சத்தையும் அவன் விளக்கினான். இந்தப் பெட்ரோல் பந்தயப் பெட்ரோலைவிட லேசானது. பந்தயப் பெட்ரோலுக்கு என்று கார்புரேட்டரில் அளந்து வைத்த துளை வழியாக இதை விட்டால் என்ஜினுக்குப் போக வேண்டியதைவிடக் குறைவாகவே போகும், காற்று கூடிவிடும், உள்ளே சூடு எகிறி பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கார்புரேட்டரை இதற்கென்று திருத்தி வைத்தால் ஓடும், சொல்லாமல் மாற்றினால் சாவு. இதில் ஈயமும் இருக்கிறது, அதனால் ரோட்டில் ஓடுகிற இந்தக் காலத்துக் காருக்கு ஊற்றினால் புகைக்குழாயில் உள்ள சென்சார் சீக்கிரமே செத்து, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிக்கும் என்றும் சொன்னான்.

பானு போனை வைத்தாள். ஏசுதாசன் வைத்த அளவு சரி. கை சரி. ஊற்றியதுதான் வேறு. எவனோ பந்தயப் பெட்ரோல் என்று சொல்லி விமானப் பெட்ரோலைக் கொடுத்து, ஒரு பையன் கையைச் சுட்டு, அந்தப் பழியை ஒரு வாயில்லாப் பூச்சியின் தலையில் கட்டியிருக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனைப் பார்த்திருக்கிறாள், இவன் வீட்டையும் எரித்துவிட்டுப் பிடுங்குகிற ஜாதி. அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"ஐந்தருவிக்கு விடு" என்றாள்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க" என்றான் செல்லச்சாமி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டே. "ஆத்திரக்காரிக்கு ஒண்ணும் சொல்லல. அந்தத் தைரியத்துல ஓட்டுதேன்."

சீசன் நேரம். குற்றாலத்துக்குள் வண்டிகள் நகரவில்லை. தலையில் எண்ணெய் வழிய, ஈரத்துண்டோடு குறுக்கே வந்த கூட்டத்தை எல்லாம் செல்லச்சாமி கண்டக்டர் குரலில் ஒதுக்கி, மூன்றே காலுக்கு ரிசார்ட் வாசலில் கொண்டு நிறுத்தினான்.

பாண்டியராஜ் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், பழம் நீட்டினார். பானு துணியை மேஜையில் விரித்தாள். தண்ணீர், பெட்ரோல், விமானத் தளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அந்தப் பெட்ரோலைக் கொண்டு வந்தது யார் என்று கேட்டாள்.

அவர் பயப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ பெருமூச்சு விட்டார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் மேடம். நோண்டி எடுத்துட்டீய. கொண்டாந்தது பென்னிதான். ஒரு கேன். விமானப் பெட்ரோல் போட்டா விமானம் மாதிரி பறக்கும்னு எவனோ அவனுக்குச் சொல்லியிருக்கான். நம்ம பெட்ரோல மாத்திட்டு அத ஊத்த வச்சிட்டான். சட்டப்படி அது தனிக் குத்தம். சின்னப்பய, போவட்டும்னுதான் மெக்கானிக் மேல எழுதிக் குடுத்தேன். ஏசுதாசனுக்கே தெரியும். கேட்டுப் பாருங்க."

பானு அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, ஏசுதாசன் கையில் கொடுக்கச் சொன்னாள். பென்னி கொண்டு வந்ததா என்று கேட்டாள்.

"அவன் பேர எழுதிராதீங்கம்மா" என்றார் ஏசுதாசன். "கைதான் ரெண்டும் போச்சு. பேராவது கெடாம இருக்கட்டும்."

அவ்வளவுதான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பானுவுக்குச் செருப்பால் அடி வாங்கியது போல் இருந்தது. பகல் முழுக்க அலைந்து கண்டுபிடித்த ஒரே தடயம், காப்பாற்ற வந்தவரின் பிள்ளையைத்தான் கூண்டில் ஏற்றும். ஏற்றாவிட்டால் அவர் உள்ளே போவார். பாண்டியராஜ் இன்னொரு பழத்தை உரித்து அவள் பக்கம் தள்ளினார். அந்தத் தட்டைத் தூக்கி அவர் மேலேயே வீசியிருப்பாள். செல்லச்சாமி முந்திக்கொண்டு அந்தப் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வாங்க பானுக்கா" என்று கூப்பிட்டான்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ரிசார்ட் டிரைவர் முகம்மது ரபீக். சர்வீஸ் சென்டர்காரனிடம்தான் சண்டை. போனை வைத்ததும் செல்லச்சாமி என்ன என்று விசாரித்தான். ரபீக் கொட்டித் தீர்த்தான். ரிசார்ட்டில் நாலு கார். ஒரு வாரத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக நாலிலும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சென்சார் போய்விட்டது என்கிறானாம் சர்வீஸ்காரன். அதில் ஒன்று ரெண்டு மாசம்கூட ஆகாத புதுக் கார். முதலாளி தன்னைத்தான் திட்டுகிறாராம்.

"நாலு வண்டிக்கும் ஒரே சீக்கு" என்றான் செல்லச்சாமி. "வண்டிய மாத்தாதீய, வாஸ்து பாருங்க."

பானு நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

இந்தப் பத்து நாளாக எங்கே பெட்ரோல் போடுகிறாய் என்று ரபீக்கைக் கேட்டாள். பங்கில் இல்லை என்றான் அவன். ஜெனரேட்டர் ஷெட்டில் ரெண்டு பீப்பாய் கிடக்கிறது, பந்தயத்துக்கு வாங்கி மிஞ்சியது, வீணாகப் போக வேண்டாம், அதையே எல்லா வண்டிக்கும் ஊற்று என்று முதலாளி சொன்னாராம். லேசாக நீலமாக இருந்ததாம். ஏதோ உயர்ந்த சாமான் என்று இவனும் நினைத்திருக்கிறான்.

பீப்பாய்கள் எப்போது வந்தன என்று கேட்டாள். பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னால் குட்டி லாரியில் வந்து இறங்கின. இறக்கியது ரபீக்தான். முதலாளி பக்கத்தில் நின்று, பழைய விமானப் பயிற்சி மைதானத்துச் சரக்கு, பாதிக்குப் பாதி லாபம் என்று லாரிக்காரனிடம் சிரித்துப் பேசியதை அவன் காதால் கேட்டான். அவர் பேச்சு அவனுக்கு அப்போது புரியவில்லை.

பானுவுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. பென்னி ஒரு கேன்தான் கொண்டு வந்தான் என்றால், ரெண்டு பீப்பாய் எப்படி இங்கே வந்தது? வேறு எந்தக் கயவனாக இருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே மிச்சத்தை ஓடையில் கவிழ்த்துத் தடயத்தை அழித்திருப்பான். பாண்டியராஜ் கல்லில் நார் உரிக்கிறவர். ஒரு பையன் கை வெந்த பெட்ரோலைக்கூடக் கீழே ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை. தன் காரிலேயே ஊற்றி மிச்சம் பிடிக்கப் பார்த்தார். நாலு மஞ்சள் விளக்கும் அதற்குத்தான் எரிகின்றன.

ஷெட்டுக்குள் போய்ச் செல்லச்சாமி பீப்பாயைப் படம் எடுத்தான், ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டான். ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல முடியுமா என்று பானு ரபீக்கைக் கேட்டாள். வேலை போய்விடும் என்று தயங்குவான் என்று நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"பென்னி கை வெந்தது இதுலயா?"

ஆமாம் என்றாள். அவன் கார் சாவியைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் மூன்றாவது ஆளாக ஏறி உட்கார்ந்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்கள். எழுதி முடித்த வாக்குமூலம் மேஜையில் இருந்தது. ஏசுதாசன் கையில் பேனாவும் இருந்தது. பானு பாட்டிலை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரபீக் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னான். முடிந்ததும் ஆறுமுகநயினார் ஒரு ஏட்டைக் கூப்பிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போய் பாண்டியராஜைக் கூட்டி வரச் சொன்னார். பீப்பாய்களையும் எடுத்து வரச் சொன்னார்.

ஜீப் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் ஏசுதாசன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வடிகட்டும்போதே நிறத்தைப் பார்த்ததாகவும், கேட்டதற்குக் கம்பெனி இந்தத் தடவை கலர் மாற்றி அனுப்பியிருக்கிறது என்று பாண்டியராஜ் சொன்னதாகவும், நம்பி ஊற்றியதாகவும் மெதுவாகச் சொன்னார். தீப்பிடித்த பிறகுதான், கலர் விஷயத்தில் தானும் ஏமாந்துவிட்டதாகவும், அது பென்னி மாற்றி வைத்த கேன் என்றும் பாண்டியராஜ் தன் காதில் போட்டாராம்.

"பென்னிகிட்ட கேட்டீங்களா?" என்றாள் பானு.

"கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. கேட்டா பையன் ஒடிஞ்சி போவான்னாரு. அவன் என்னயப் பாக்கவே மாட்டேன்னு திரும்பிப் படுத்துக்கிட்டான். குத்தம் உறுத்துதுன்னு நெனச்சேன்."

பானு கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே திட்டுவதற்கு ஆள் இல்லை, ஆள் இன்னும் ஜீப்பில் வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் போனைப் பென்னியின் காதில் வைத்துப் பிடித்தாள். பானு இந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டாள்.

அவள் பேர் சொன்னதுமே, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை மேடம் என்றான் பென்னி. பன்னிரண்டு நாளாக எல்லோரிடமும் அவன் சொல்கிற ஒரே வாக்கியம்.

"ஒங்க மாமா பக்கத்துலதான் இருக்காவ" என்றாள் பானு.

பென்னியின் குரல் உடைந்து வந்தது.

"மாமா. ஒங்க கை தப்புன்னு நான் எவன்கிட்டயும் சொல்லல மாமா. மொதலாளி சொன்னாரு, நீங்கதான் அளவத் தப்பா வச்சிட்டீயளாம், நான் வாயத் தொறந்தா ஒங்கள உள்ள தூக்கிப் போட்ருவாங்களாம். ஒங்களப் பாத்தா அழுதுருவேன்னுதான் திரும்பிப் படுத்தேன்."

பட்டறையில் எந்த என்ஜின் சத்தத்துக்கும் முகம் மாறாத ஏசுதாசன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். ஒருத்தனிடம் மற்றவனைக் காட்டி, ரெண்டு பேர் பாசத்தையும் வைத்தே ரெண்டு வாயையும் பூட்டியிருக்கிறான் பாவி.

"ஏலே, மாமா அளவு சரியாத்தான்லே வச்சிருந்தேன்" என்றார் ஏசுதாசன் போனைப் பார்த்து. "நீயும் ஒரு தப்பும் பண்ணல. நாளைக்கு வாரேன். மூஞ்சியத் திருப்பாத."

போனை அணைத்தார்கள். வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஏசுதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் இருந்த வாக்குமூலத்தை எடுத்து ரெண்டாகக் கிழித்தார். அவர் முகம் இப்போது வேறாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தார்.

"வேற தாள் குடுங்கய்யா. இந்தத் தடவை நானே எழுதுதேன்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "பாண்டியராஜுக்கு இனிஷியல் என்ன?"